ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள்: முதல் பதக்கம் வாங்குவதற்கு முன்

முதல் உலகப் போரின்போது ஜெர்மனி சுமார் 50 லட்சம் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவைகளை (போரில் பணியாற்றியதற்கான பதக்கம், முதல் வகுப்புக்குக் கீழானது) வழங்கியது. பழைய ஜெர்மன் பதக்கங்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இதுதான். 1914-ஆம் ஆண்டுச் சிலுவை ஒன்றைக் காட்டி "இது ரொம்ப அபூர்வம், இப்போது விட்டால் கிடைக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். அதே போன்ற இன்னொன்று கொஞ்ச நாளில் வேறு ஒருவரிடம் விற்பனைக்கு வரும். நிதானமாகப் பார்த்து, விசாரித்து, முடிந்தால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அடுத்த விஷயம் இதைவிட முக்கியம். ஜெர்மன் பதக்கத்தில் பெரும்பாலும் அதைப் பெற்ற வீரரின் பெயர் இருக்காது. பிரிட்டிஷ் பதக்கங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும், ஏனென்றால் முதல் உலகப் போருக்காக இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் பதக்கங்களின் விளிம்பில்கூட எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். இரும்புச் சிலுவையில் அரசரின் கிரீடம் இருக்கும், ஆண்டு இருக்கும், சிலவற்றில் செய்தவரின் சிறு முத்திரை இருக்கும், அவ்வளவுதான். ஆகவே நாம் காசு கொடுக்கத் தகுந்தவை இரண்டே இரண்டு: பொருள் செய்யப்பட்டிருக்கும் விதம், அதோடு சேர்ந்து வரும் காகிதம். மற்றதெல்லாம் விற்பவர் சொல்லும் கதை. கதை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நிரூபிக்க முடியாத கதைக்கு விலை கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

சரி, இரும்புச் சிலுவையிலிருந்தே தொடங்கலாம். புதியவர்கள் பெரும்பாலும் தேடி வருவதும் அதைத்தான்.

ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் நெப்போலியனை எதிர்த்துப் போருக்குக் கிளம்பிய சமயத்தில், 1813 மார்ச் 10 என்ற தேதியிட்டு இதை ஏற்படுத்தினார். இறந்துபோன அவருடைய மனைவி அரசி லூயிசாவின் பிறந்த நாள் அது. வடிவத்துக்குப் பொறுப்பு கட்டடக் கலைஞர் ஷிங்கெல். பொன்னும் மணியும் இல்லாமல் இரும்பில் பதக்கம் செய்ததும், பிறப்பு, பதவி பார்க்காமல் சாதாரணச் சிப்பாய்க்கும் கொடுத்ததும் அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். நிரந்தரமாக வழங்கும் பதக்கமாக இல்லாமல் போருக்குப் போர் புதுப்பிக்கப்பட்டது: 1870-இல் பிரான்சுடன் போர் வந்தபோது ஒரு முறை, 1914-இல் ஒரு முறை, 1939-இல் ஒரு முறை.

இங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. 1870, 1914 சிலுவைகளின் முன்பக்கத்தில் கிரீடம், W என்ற எழுத்து, அந்தப் போரின் ஆண்டு ஆகியவை இருக்கும். இரண்டாம் வகுப்பின் பின்பக்கத்தில் கிரீடம், FW என்ற எழுத்துகள், ஓக் இலைகள், கீழே 1813 என்ற ஆண்டு. நிறுவப்பட்ட ஆண்டின் நினைவாக அந்த 1813 இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பின்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டு "நெப்போலியன் காலத்துச் சிலுவை" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் தெரிந்தே செய்கிறார்கள், சிலருக்கு உண்மையிலேயே தெரியாது. நிஜமான 1813 சிலுவை என்றால் ஒரு பக்கம் வெறுமையாக, எழுத்தோ எண்ணோ இல்லாமல் இருக்கும். அது மிக அரிது, விலையும் மிக அதிகம், போலியும் ஏராளம். புதியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நடுவில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகடு. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளிச் சட்டகம் ஒவ்வொன்று. இரும்பை நடுவில் வைத்து இரண்டு சட்டகங்களையும் விளிம்பில் பற்றவைத்து, பிசிறை அரத்தால் ராவி ஒன்றாக்கிவிடுவார்கள். ஆக, மொத்தம் மூன்று துண்டுகள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, சிலுவையின் பக்கவாட்டு விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். நல்ல வேலைப்பாட்டில் இணைப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. எங்காவது ஓர் இடத்தில் மயிரிழை போலக் கோடு தெரியும். சட்டகத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே நுணுக்கமான இடைவெளி இருக்கும். மொத்தத்தையும் ஒரே துண்டாக வார்த்து, நடுவில் மட்டும் கறுப்பு அடித்திருந்தால், அந்த இடைவெளி இல்லாமல் இரண்டும் ஒன்றோடொன்று உருகிக் கிடப்பது போலத் தெரியும். மலிவான போலிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும் என்பது என் எண்ணம்.

சட்டகத்தின் உட்புறம் முழுக்க நெருக்கமாக வரிவரியாகக் கோடுகள் ஓடும். அச்சில் வைத்து அடித்து எடுத்தது என்பதால் ஒவ்வொரு வரியும் கூர்மையாக இருக்க வேண்டும், முக்கியமாகச் சிலுவையின் கைகள் சந்திக்கும் உள்மூலைகளில். வார்ப்புப் போலியில் இந்த வரிகள் மழுங்கிப் போயிருக்கும், இடையிடையே ஊசிமுனை அளவுக்குக் குழிகளும் பருக்களும் தெரியும். அசலை வைத்து அச்சு எடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்குவதால், போலி அசலைவிட ஒரு சொட்டுச் சிறியதாகவும் வரும். அதனால் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றும் கையில் இருப்பது நல்லது. 1914 இரண்டாம் வகுப்புச் சிலுவை ஏறக்குறைய 42 மில்லிமீட்டர்.

காந்தத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நடுவில் இரும்பு இருப்பதால் காந்தம் ஒட்டும், சரிதான். ஆனால் இது முதல் படிதானே தவிர முடிவு இல்லை. இரும்புத் தகடு வைத்தே செய்த நல்ல போலிகள் உண்டு. இன்னொரு பக்கம், இரும்பு அல்லாத உலோகத்தில் அந்தக் காலத்திலேயே நகைக்கடைகளில் செய்து விற்ற அசல்களும் உண்டு. காந்தம் ஒட்டியதும் பணத்தை எடுக்க வேண்டாம், ஒட்டவில்லை என்றதும் தூக்கிப் போடவும் வேண்டாம்.

இரண்டாம் வகுப்பில் மேலே ஒரு வளையம் இருக்கும், நாடா கோப்பதற்கு. செய்தவரின் முத்திரை பெரும்பாலும் அந்த வளையத்தில்தான், ஓரிரு எழுத்துகளாகவோ வெள்ளியின் தரத்தைக் காட்டும் 800 என்ற எண்ணாகவோ இருக்கும் (800 என்றால் ஆயிரத்துக்கு எண்ணூறு பங்கு வெள்ளி). முத்திரையே இல்லாத அசல்களும் நிறைய. வளையத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது சுலபமான வேலை என்பதையும் மறக்க வேண்டாம். முதல் வகுப்புக்கு நாடா கிடையாது, பின்புறம் ஊசி வைத்து இடது மார்பில் குத்திக்கொள்வது. முதல் உலகப் போரில் அது ஏறக்குறைய 2,18,000 பேருக்குத்தான் கிடைத்தது, அதனால் விலை பல மடங்கு கூடும், போலி செய்ய ஆசையும் அதே அளவு கூடும்.

பெயர் இல்லாத பதக்கம், பெயர் சொல்லும் கதை

எம்டன் கப்பலை நமக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிப் போன ஜெர்மன் போர்க்கப்பல். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை கிடைத்தது. கப்பலில் இருந்த அதிகாரிகளுக்கும் மாலுமிகள் பலருக்கும் இரண்டாம் வகுப்பு கொடுத்தார்கள். இதெல்லாம் வரலாறு. இப்போது யாரோ ஒருவர் ஒரு சிலுவையைக் காட்டி, "இது எம்டன் மாலுமியுடையது, அதனால் பத்து மடங்கு விலை" என்கிறார் என்று வையுங்கள். அந்தச் சிலுவையும் பக்கத்துக் கடையில் சாதாரண விலைக்கு இருக்கும் சிலுவையும் ஒரே அச்சில் வந்தவையாக இருக்கலாம். கையில் இருக்கும் உலோகத்தில் எம்டன் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வழங்கியதற்கான சான்றிதழ், வீரரின் ராணுவப் பதிவுப் புத்தகம், பெயரோடு சேர்ந்த படம், கடிதம் இவற்றில் ஏதாவது கூட வந்தால் பேசலாம். வரவில்லை என்றால் அது ஓர் இரண்டாம் வகுப்புச் சிலுவை, அந்த விலைதான்.

காகிதம் வந்தாலும் ஒத்துப்பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்பீர்கள். அது அந்த வீரர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது. அன்றைய ஜெர்மன் பேரரசு ஒரே படை கொண்ட ஒற்றை நாடாக இருக்கவில்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் என்ற நான்கு அரசுகளும் பல சிற்றரசுகளும் ஹாம்பர்க், பிரெமன், லூபெக் என்ற மூன்று தன்னாட்சி நகரங்களும் சேர்ந்தது. பிரஷ்யப் படையின் ஆவணங்கள் போட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரலில் நடந்த குண்டுவீச்சில் அவற்றில் பெரும்பகுதி எரிந்து போனது. பவேரியாவின் பதிவேடுகள் மியூனிக்கில் தப்பிப் பிழைத்தன. அதனால் ஒரு பவேரிய வீரரின் பெயரைக் கொண்டு அவர் எந்தப் படைப்பிரிவில் எப்போது சேர்ந்தார், எங்கே காயப்பட்டார், என்ன பதக்கம் வாங்கினார் என்று தேட முடியும். பிரஷ்ய வீரருக்குப் பெரும்பாலும் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரே விலையில் ஒரு பவேரியத் தொகுப்பும் ஒரு பிரஷ்யத் தொகுப்பும் சான்றிதழோடு கிடைத்தால் நான் பவேரியத் தொகுப்பைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அசல் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துக் கேட்க வேண்டும். அரசு வழங்கிய பதக்கம் ஒரு வகை. அதே வீரர், வழங்கிய பதக்கம் தொலைந்துவிடக் கூடாது என்றோ இன்னும் நல்ல வேலைப்பாட்டில் வேண்டும் என்றோ நகைக்கடையில் காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது பதக்கம் இன்னொரு வகை. இதுவும் அந்தக் காலத்துப் பொருள்தான், சேர்ப்பவர்கள் மதிக்கிறார்கள், சில சமயம் வழங்கியதைவிட அழகாகவும் இருக்கும். மூன்றாவது, போருக்குப் பிந்தையது. மேற்கு ஜெர்மனியில் 1957-இல் வந்த சட்டம் பழைய வீரர்கள் தங்கள் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணிந்துகொள்ள அனுமதித்தது. அதற்காகச் செய்த 1939 சிலுவையில் ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலைகள் இருக்கும். இது போலி கிடையாது, சட்டப்படியான பதக்கம், ஆனால் போர்க்காலத்துப் பொருளும் கிடையாது. கடைசியில் நினைவுப் பொருளாகச் செய்த நகல்களும், ஏமாற்றவே செய்த போலிகளும். விற்பவர் "அசல்" என்று மட்டும் சொன்னால் போதாது, இவற்றில் எது என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஹிட்லர் காலத்துப் பதக்கங்கள் பற்றி

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: புதியவர் அந்தக் காலத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு காரணம் நடைமுறை சார்ந்தது. சந்தையில் தேவை அதிகம் உள்ள இடத்தில்தான் போலி செய்பவர்களும் குவிகிறார்கள், சில போலிகள் அனுபவசாலிகளையே திணறடிக்கும் அளவுக்குத் தேர்ந்தவை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு ஸ்வஸ்திகா போன்ற நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் தடை செய்கிறது, கல்வி, ஆராய்ச்சி, வரலாறு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஜெர்மன் விற்பனையாளர்களின் படங்களில் ஸ்வஸ்திகாவை மறைத்து வைத்திருப்பது இதனால்தான், மறைத்த படத்தை வைத்து நாம் பொருளைச் சோதிப்பதும் சிரமம். ஈபே போன்ற தளங்களும் இத்தகைய பொருள்களைத் தடை செய்திருக்கின்றன.

இன்னொரு காரணம் பணத்தைப் பற்றியது இல்லை. லட்சக்கணக்கான யூதர்களையும் ரோமா மக்களையும் மற்றவர்களையும் கொன்ற ஆட்சியின் சின்னம் அது. அதை வரலாற்றுச் சான்றாகப் பாதுகாக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலையை மதிக்கிறேன். ஆனால் எதற்காகச் சேர்க்கிறேன், யாருக்குக் காட்டுவேன், எப்படி விளக்குவேன் என்று தெளிவாகத் தெரியாத நிலையில் அழகுப் பொருளாக வாங்கி அலமாரியில் மாட்டுவது தவறு.

அப்படியானால் எதை முதலில் வாங்குவது?

என்னைக் கேட்டால், உலகப் போர் கௌரவச் சிலுவை. ஹிண்டன்பர்க் சிலுவை என்றே எல்லோரும் சொல்வார்கள். முதல் உலகப் போரில் சேவை செய்தவர்களுக்காக ஜனாதிபதி ஹிண்டன்பர்க் 1934 ஜூலை 13 அன்று ஏற்படுத்தினார், அடுத்த மாதம் 2-ஆம் தேதி இறந்துபோனார். அதனால் வழங்கும் வேலை முழுவதும் ஹிட்லர் ஆட்சியில்தான் நடந்தது, சான்றிதழ்களும் அந்த ஆட்சியின் பெயரில்தான் இருக்கும். ஆனால் பதக்கத்தில் ஸ்வஸ்திகா கிடையாது. மூன்று வகை: போர்முனையில் நின்றவர்களுக்கு வாளோடு, மற்றவர்களுக்கு வாள் இல்லாமல், போரில் இறந்தவர்களின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கறுப்பு நிறத்தில். போர்முனை வகை மட்டும் 60 லட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டது, எனவே ஜெர்மன் பதக்கங்களிலேயே மிக மலிவானவற்றில் இதுவும் ஒன்று, போலி செய்யப் பெரிதாக லாபமும் இல்லை. பின்பக்கத்தில் செய்தவரின் முத்திரை இருக்கும், எத்தனையோ தயாரிப்பாளர்கள், அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே முத்திரை படிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்தது சான்றிதழ். விண்ணப்பித்துப் பெற வேண்டிய பதக்கம் என்பதால் ஒவ்வொருவருக்கும் அச்சடித்த தாளில் பெயர், ஊர், பல சமயம் தொழில்கூட எழுதி, தேதியும் அலுவலக முத்திரையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு சேர்ந்த சிலுவை, தனிச் சிலுவையைவிடக் கொஞ்சம்தான் விலை கூடும். பெயரே சொல்லாத ஜெர்மன் பதக்க உலகில் இப்படி ஒரு விவசாயியின், ஒரு தச்சரின் பெயரோடு ஒரு பதக்கம் கைக்கு வருவது சின்ன விஷயம் இல்லை. கறுப்புச் சிலுவை 7 லட்சத்துக்கும் மேற்பட்ட விதவைகளுக்கும் பெற்றோருக்கும் போனது, அதன் சான்றிதழில் ஒரு தாயின் பெயர் இருந்தால் அதை மரியாதையோடு வைத்திருங்கள், பிரித்து விற்காதீர்கள்.

1870–71 பிரான்சுப் போரின் நினைவுப் பதக்கமும் நல்ல தொடக்கம். போரிட்டவர்களுக்கான பதக்கத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தில் செய்தார்கள், அந்தச் செய்தியை விளிம்பிலேயே ஜெர்மன் எழுத்தில் பொறித்தும் வைத்தார்கள். போரிடாமல் பணி செய்தவர்களுக்கு எஃகில். விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இந்தப் பதக்கத்துக்கு அதுதான் முதல் கேள்வி. நாடாவில் சேடான், மெட்ஸ் என்று சண்டைகளின் பெயர் கொண்ட பட்டைகள் இருந்தால், அவை 1895-இல் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவின்போது வந்தவை. பின்னால் யாரும் செருகியிருக்கலாம் என்பதால் அவற்றுக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். 1918 மார்ச்சில் வந்த காயச் சின்னமும் புதியவருக்குக் கட்டுப்படியாகும்: ஓரிரு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் பொன்னிறம். கறுப்பை வாங்குங்கள். பொன்னிறத்தில் பல, கறுப்பின் மேல் நிறம் ஏற்றியவை.

பல பதக்கங்களை ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்த மார்புப் பட்டைகள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் ஒரு விரல் நீளத்துக்குள் வரிசையாக நிற்கும். படிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும்: ஹிண்டன்பர்க் சிலுவை இருந்தால் அந்தப் பட்டை 1934-க்குப் பிறகு தைத்தது, ஹாம்பர்க் நகரின் ஹான்சியாட்டிக் சிலுவை இருந்தால் அந்த நகரத்தோடு ஏதோ தொடர்பு, பவேரிய ராணுவச் சேவைச் சிலுவை இருந்தால் தேடலை மியூனிக்கிலிருந்து தொடங்கலாம். ஆனால் தனித்தனியாக விலை போகாத பதக்கங்களைச் சேர்த்துத் தைத்து விற்கும் வழக்கமும் இருக்கிறது. பின்பக்கத் துணியையும் தையலையும் பாருங்கள். நூல் பளிச்சென்று, துணி மட்டும் பழையதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இரும்புச் சிலுவை போர்முனை நாடாவில் (கறுப்பில் வெள்ளைக் கோடு) தொங்க, பக்கத்தில் வாள் இல்லாத ஹிண்டன்பர்க் சிலுவை இருந்தால், போரிட்டவரா இல்லையா என்ற கேள்வி எழ வேண்டும்.

நாடாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போரிடாதவர்களுக்கான இரும்புச் சிலுவைக்கு நிறம் தலைகீழ், வெள்ளையில் கறுப்புக் கோடு, எண்ணிக்கை மிகக் குறைவு. சிலுவை இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் நாடாவை மாற்றினால் போதும், சாதாரணப் பதக்கம் "அபூர்வ" பதக்கமாகிவிடும். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பளீரென்று நீலமாக ஒளிர்கிற நாடாவும் நூலும் பெரும்பாலும் புதியவை. ஆனால் பழைய நாடாவை இக்காலத்துச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும், ஒளிராத பழைய நாடாவைப் புதுப் போலியில் கோக்கவும் முடியும். அந்தச் சோதனை நாடாவைப் பற்றி மட்டுமே சொல்லும்.

வாங்கும் இடம் எதுவானாலும் முன், பின், பக்கவாட்டு விளிம்பு, வளையம் ஆகிய நான்கு படங்களைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று முன்பே கேளுங்கள். ஐரோப்பிய ஏல நிறுவனங்களில் ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் தனி, அதற்கு மேல் அஞ்சல் செலவு, சுங்க வரி. இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு வரை கேட்பது என்று தீர்மானிக்க வேண்டும். மியூனிக் அருகே உள்ள ஹெர்மன் ஹிஸ்டாரிகா போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் அவற்றில் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். வாங்குகிறோமோ இல்லையோ, பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மழுங்கிய வரியும் தடித்த வண்ணமும் தானாகவே உறுத்தத் தொடங்கும்.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற கைக்கு மங்கிய வெள்ளியைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. புளி, எலுமிச்சை, விபூதி, பிராசோ எதுவும் வேண்டாம். நூறு ஆண்டுகளாகப் படிந்த கருமைதான் அந்தப் பதக்கத்தின் வயதுக்குச் சாட்சி, போனால் திரும்ப வராது, விலையும் அதோடு இறங்கும். இரும்புத் தகட்டில் துரு தெரிந்தால் மேலே புது வண்ணம் அடிக்காதீர்கள், உலர்ந்த இடத்தில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க் காற்றின் ஈரம் இரும்புக்குப் பகை, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளாக ஆக உலோகத்தை அரிக்கும், அமிலம் இல்லாத தாளில் சுற்றுவது நல்லது. வெறும் விரலால் வெள்ளியைத் தொட்டால் வியர்வைத் தடம் அப்படியே பதியும், பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள், அவர் என்ன சொன்னார், அதில் எதற்குச் சான்று இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பதக்கத்தோடு வையுங்கள், சான்றிதழ் இருந்தால் அதன் நகலையும் சேர்த்து.